வன்னியில் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு

லண்டனில் இருக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. ஆகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு, தாய்வீட்டுக்கு வருகிறாராம். பிள்ளைகள் தேம்ஸ் கரையில் உள்ள டவர் கோட்டையைப் பார்த்தவர்கள். கவசம், வாள், கிரீடம் எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துப் பழகியவர்கள். "எங்கட ஊரிலயும் இப்படிக் கோட்டைக்குள்ள மியூசியம் இருக்கா அம்மா?" என்று மூத்தவன் கேட்டிருக்கிறான். யாழ்ப்பாணக் கோட்டையை விட்டால் வன்னியில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது, எந்த ஒழுங்கில் போவது என்பது தாயின் கேள்வி.

இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. ஆனால் வன்னியில் கோட்டை ஒரு பக்கம், மியூசியம் இன்னொரு பக்கம். கோட்டைக்குள் போனால் கூரை இருக்காது, கண்ணாடிப் பெட்டி இருக்காது, காதில் மாட்டிக் கேட்கும் ஒலிநாடாவும் இருக்காது. பற்றையும் வெயிலும் ஆடும்தான் இருக்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் "முடிஞ்சுதா? போவமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரிந்து போனால் அரைநாள் போதாது. அதனால்தான் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். வட இலங்கை வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டிய கோட்டைகளுக்குப் பிள்ளைகளைக் கொண்டே புள்ளி போடச் சொல்லுங்கள். மேற்கே மன்னார், அதற்குத் தெற்கே அரிப்பு. வடக்கே கடலேரிக் கரையில் பூநகரி. பிறகு ஆனையிறவு, அதையொட்டிக் கிழக்கே பெஸ்கூட்டர், பைல் என்ற இரண்டு சிறு காவற்கோட்டைகள். கிழக்குக் கடலில் முல்லைத்தீவு. எல்லாம் விளிம்பில்தான். நடுவில் பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று வன்னியர்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் ஆண்ட பற்றுகள், அதாவது நிலப் பிரிவுகள். சுற்றிவர வேலி போட்டதுபோல் இருக்கும். இந்தக் கோட்டைகள் வன்னிச் சனத்தைக் காக்க எழுந்தவை அல்ல. வன்னியிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கவும், வன்னியின் யானையையும் அதன் கடலில் விளைந்த முத்தையும் கணக்கு வைத்து வாங்கவும் எழுந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டைக்கும் போய், "இது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, யாருக்குப் பயந்து நிற்கிறது?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதன் பிறகு நீங்கள் பேசத் தேவையில்லை, அவர்களே பேசுவார்கள்.

கொழும்பிலிருந்து ஏ9 வீதியால்தான் வருவீர்கள். அப்படியானால் வவுனியாவில் இறங்கி, தொல்பொருள் திணைக்களத்தின் அரும்பொருட்காட்சியகத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். சின்ன இடம். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய பழைய புத்தர் சிலைகள், சுடுமண் உருவங்கள் என்று ஒரு சுற்றில் பார்த்து முடித்துவிடலாம். கோட்டைகளோடு இவற்றுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் பறங்கியர் கப்பல் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் குளமும் ஊரும் வழிபாடும் இருந்தன என்பதைப் பிள்ளைகள் முதலில் கண்ணால் காண்பது நல்லது. இல்லாவிட்டால் வன்னியின் சரித்திரமே பீரங்கியோடுதான் தொடங்குகிறது என்று நினைத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கலாம், ஒரு போன் அடித்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கிளிநொச்சியில் தங்குவதால் முதல் கோட்டை பூநகரியாக இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு முன் அங்கே நிற்க வேண்டும். ஆகஸ்டில் சோளகம் அடிக்கும், காற்று இருக்கும். ஆனால் அந்தக் காற்றை நம்பித் தொப்பி போடாமல் போனால் மத்தியானம் தலையிடி நிச்சயம்.

முதல் பார்வையில் பூநகரிக் கோட்டை ஏமாற்றும். டவரை நினைத்துக்கொண்டு வரும் பிள்ளை, "இவ்வளவுதானா?" என்று கேட்கும். சதுர வடிவம், ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீற்றர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தங்கள் கையில் வைத்திருப்பதற்காகக் கட்டியது. பிறகு ஒல்லாந்தர் அதைப் பெருப்பித்துப் படை வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1805இல் அங்கே ஒரு வாடிவீடு கட்டினார்கள். அதாவது, அவர்கள் காலத்தில் பயப்படுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. துரைமார் பயணத்தில் இளைப்பாற இடம் இருந்தால் போதும் என்ற நிலை.

இங்கே இரண்டு விஷயங்களை நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, சுவர். கையை வைத்துப் பாருங்கள். கருங்கல் அல்ல, முருகைக்கல், அதாவது பவளப் பாறை. கடலிலிருந்து வெட்டி எடுத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சில கற்களில் மூளையின் மடிப்புப் போல வளைந்து வளைந்து வரிகள் ஓடும், சிலவற்றில் ஊசித் துளைகள் நட்சத்திர வடிவில் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு சிறு உயிர் இருந்த வீடு. கற்களை ஒட்டியிருக்கும் சாந்தையும் பாருங்கள். அதில் உள்ள சுண்ணாம்பும் முருகையையும் சிப்பியையும் சூளையில் சுட்டு எடுப்பதுதான். கல்லும் கடல், பசையும் கடல். கருங்கல் கிடைக்காத கரையில் சனம் காலம்காலமாக வீட்டையும் கிணற்றையும் கட்டிய முறை இது. அதே கையைக் கொண்டுதான் பறங்கியரும் கட்டுவித்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் இதற்கு ஊழியம் என்ற கட்டாய வேலை முறையே இருந்தது. முருகை வெட்டியவன், சூளை போட்டவன், தலையில் கல் சுமந்தவன் பெயர் எந்த அறிவிப்புப் பலகையிலும் வராது. தளபதியின் பெயர் வரும். அதைச் சொல்லிக் கொடுப்பது பெரியவர்களின் வேலை.

இன்னொன்று, கொத்தளம், அதாவது மதிலின் மூலையில் வெளியே தள்ளிக் கட்டிய காவல் மேடை. பூநகரியில் இரண்டே கொத்தளங்கள், எதிர் எதிர் மூலைகளில். ஏன் இரண்டு? மூத்தவனை ஒரு கொத்தளம் இருந்த மூலையில் நிறுத்திவிட்டு, "இங்கிருந்து எத்தனை மதிலின் வெளிப்பக்கம் உனக்குத் தெரிகிறது?" என்று கேளுங்கள். மூலை வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதால் இரண்டு மதிலின் ஓரமும் தெரியும். எதிர் மூலையில் நிற்பவனுக்கு மற்ற இரண்டும் தெரியும். ஆக, இரண்டு பேர் நின்றால் நான்கு மதிலுக்கும் காவல். சிறிய கோட்டைக்கு, குறைந்த ஆட்களோடு, இது போதும். செலவைக் குறைத்து யோசித்த மூளை அது. மன்னாரில் நான்கு கொத்தளங்கள், யாழ்ப்பாணத்தில் ஐந்து. இந்த இரண்டு, நான்கு, ஐந்து என்ற கணக்கைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால், எந்த இடத்தை ஐரோப்பியன் எவ்வளவு பெறுமதியாக நினைத்தான் என்பது தானாகவே விளங்கும்.

சுவர்களில் இன்னொரு வகைத் துளையும் உண்டு. அது முருகையின் துளையல்ல, துப்பாக்கிச் சன்னம் பட்ட தழும்பு. போர்க்காலத்தில் இந்தக் கோட்டையில் இராணுவம் நிலைகொண்டிருந்தது. 1993 நவம்பரில் பூநகரித் தளத்தின் மீது நடந்த பெரும் தாக்குதலை இங்குள்ள நடுத்தர வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நானூறு வருடத்தில் இந்தச் சதுரத்துக்குள் எத்தனை கொடிகள் ஏறி இறங்கின என்பதை விரல்விட்டு எண்ணச் சொன்னால் அவர்களே திகைப்பார்கள்.

பிறகு சங்குப்பிட்டிப் பாலத்தில் போய் நில்லுங்கள். 2011இல் திறந்தது, 288 மீற்றர் நீளம். முன்பு அந்த இடத்தில் கேரதீவுக்கு மிதவைப் படகு ஓடியது. பாலத்தில் நின்று பார்த்தால்தான் பூநகரிக் கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும். கடலேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் போக இதுதான் மேற்குப் பக்கத்து வாசல். வாசலில் காவல்காரன்.

நேரம் மிஞ்சினால் கௌதாரிமுனைப் பக்கம் மண்ணித்தலைச் சிவன் கோயிலுக்குப் போகலாம். சோழர் கலைப்பாணியில் அமைந்த பழைய கோயில், இடிந்த நிலையிலிருந்து தொல்பொருள் திணைக்களம் பாதுகாத்து வைத்திருக்கிறது. மணல் பாதை, தாழ்வான காரில் போகாதீர்கள். பூநகரி வட்டாரத்தில் பேராசிரியர் புஷ்பரட்ணம் செய்த மேலாய்வுகளில் கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகளும் பழைய நாணயங்களும் நிறையக் கிடைத்தன. அதனால் நீங்கள் நடக்கும் மணலிலும் ஓட்டுத் துண்டு காலில் தட்டுப்படலாம். எடுத்துப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி எடுத்துப்போவது குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் விடுமுறையே பாழ்.

மன்னாருக்கு ஒரு முழு நாள் வேண்டும். பூநகரியிலிருந்து ஏ32 வீதியால் கடலோரமாகவே இறங்கலாம். மன்னார்ப் பாலமும் தாம்போதியும் தாண்டித் தீவுக்குள் கால் வைத்ததுமே கோட்டை தெரிந்துவிடும். தெருவில் கழுதைகள் நின்றால் பயப்பட வேண்டாம். அவை மன்னாரின் நிரந்தரக் குடிகள், அவையும் வெளியிலிருந்து வந்த வணிகர்கள் விட்டுப்போனவை என்றுதான் ஊரில் சொல்வார்கள். உங்கள் சின்னவளுக்குக் கோட்டையைவிட அவைதான் பிடிக்கப் போகிறது.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள். அந்த வருடம் அவர்களுடைய கோவா ஆளுநர் கொன்ஸ்டன்ரினோ டி பிரகன்சா யாழ்ப்பாண அரசின் மீது படையெடுத்தார். நல்லூரைப் பிடித்தும் நிலைக்க முடியவில்லை. திரும்பிப் போகிற வழியில் மன்னாரைக் கையில் எடுத்துக்கொண்டார். முத்துக்குளிக்கும் கரையின் மறுபக்கமான புன்னைக்காயலிலிருந்து பரதவக் குடும்பங்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். பதினாறு வருடம் முந்தி, 1544இல், மன்னாரில் கத்தோலிக்கரான நூற்றுக்கணக்கானோரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லச் செய்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கோட்டையின் கோபமும் பயமும் விளங்கும். தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளின் நினைவிடம் இருக்கிறது.

1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1696இல் திருத்திக் கட்டினார்கள், 1795இல் ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவும் பலகையில் இருக்கும். பலகையில் இல்லாததைச் சொல்கிறேன். வாசல் வளைவுக்குள் நுழைந்ததும் மதிலின் தடிப்பைப் பாருங்கள். பீரங்கிக் குண்டு பட்டால் உடையாமல் உள்வாங்கும்படி, இரண்டு கற்சுவர்களுக்கு நடுவில் மண்ணை இட்டு நிரப்பும் முறையில்தான் அந்தக் காலத்துப் பீரங்கிக் கோட்டைகள் எழுந்தன. உயரமான கோபுரம் இல்லாததும் அதனால்தான். உயர்ந்து நின்றால் குறிவைப்பது சுலபம். லண்டன் டவர் பீரங்கிக்கு முந்திய யோசனை, மன்னார் பீரங்கிக்குப் பிந்திய யோசனை. ஏன் இது குட்டையாக இருக்கிறது என்று மூத்தவன் கேட்டால் இதுதான் பதில்.

உள்ளே கூரையில்லாத கட்டடங்கள், சிறு தேவாலயத்தின் சுவர்கள். ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் அங்கே உண்டு. தேய்ந்த எழுத்து, குடும்பச் சின்னம். வெயில் சரிவாக விழும் காலையிலோ பின்னேரத்திலோ போனால்தான் எழுத்து தெரியும், நேர் உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். கைத்தொலைபேசி லைற்றைப் பக்கவாட்டில் பிடித்தாலும் எழுத்து எழும்பி வரும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. சுண்ணாம்புக் கட்டி கொண்டு எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள், கல் கெட்டுப்போகும்.

அங்கே யாராவது ஒரு அண்ணை வந்து, "இதுக்குள்ள ஒரு சுரங்கப் பாதை இருக்கு" என்று தொடங்குவார். எந்தப் பழைய கோட்டைக்குப் போனாலும் ஒரு சுரங்கப் பாதைக் கதை காத்திருக்கும். கடலுக்கு நடுவில் மணல் தீவில் தோண்டினால் சில அடியில் தண்ணீர் வந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கதையை ரசித்துக் கேளுங்கள்.

தீவிலிருந்து வெளியேறிப் பெருநிலத்துக்கு வந்ததும் திருக்கேதீச்சரம். இதைக் கோட்டைப் பயணத்தில் ஏன் சேர்க்கிறேன் என்றால், கோயிலை இடித்த கற்கள்தான் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது சைவ மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவிக் கரையும் மாதோட்ட நகரும் அந்தப் பாடல்களில் வருகின்றன. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் அழித்த பிறகு, நீண்ட காலம் காடு மூடிக் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர்தான் இதை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று குரல் கொடுத்தார். கோயிலைச் சுற்றியுள்ள மேட்டு நிலம்தான் பழைய மாந்தைத் துறைமுகம். 1980களில் அங்கே நடந்த அகழ்வில் சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் வெளிவந்தன. என் கணக்கில் வன்னியின் பெரிய மியூசியம் அந்த மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது.

அரிப்புக்கும் போகத்தான் வேண்டும். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு பாழடைந்த மாளிகை நிற்கிறது. சனம் அதை அல்லிராணி கோட்டை என்று சொல்லும். அல்லி அரசாணி கதையோடு ஒட்டிய பெயர், நல்ல பெயர், இருக்கட்டும். ஆனால் கட்டடம் அல்லிராணியுடையதல்ல. இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கரையில் இருந்தே மேற்பார்வை செய்ய 1801 தொடக்கம் 1804 வரை கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கப் பாணித் தூண்கள், செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. மேலே நின்றால் முத்துச்சிப்பி விளையும் பார்கள், அதாவது கடலடி மேடுகள், இருக்கும் கடல் முழுவதும் கண்ணுக்குள். எந்தப் படகு போகிறது, எது வருகிறது என்று எண்ணிக் கொண்டிருக்கலாம். இப்போது கரை அரித்து அரித்து மாளிகையின் ஒரு பகுதி சரிந்துவிட்டது. மேட்டின் விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். களிமண் விளிம்பு, சொல்லாமல் இடிந்து விழும்.

உண்மையான அரிப்புக் கோட்டை பக்கத்தில் சிதைந்து கிடக்கும் சிறிய போர்த்துக்கேயக் கட்டடம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், ஒரு தோழனோடு தப்பி, அருவியாற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து, 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம் இந்தக் கோட்டை. ஒல்லாந்தர் அவரை ஏற்று மன்னாருக்கு அனுப்பினார்கள். யானையும் கரடியும் உலாவிய அந்தக் காட்டை நினைத்துக்கொண்டு கோட்டை வாசலில் நின்றால், பாழடைந்த சுவருக்கும் ஒரு உயிர் வந்துவிடும்.

கிழக்குப் பக்கம் இன்னொரு நாள். முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைத் தேடி அலைய வேண்டாம், பார்ப்பதற்கு என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வன்னிக் கோட்டைகளின் கதையில் திருப்பம் நடந்தது அங்கேதான். ஒல்லாந்தர் 1782இல் படையெடுத்து வன்னிமைகளை, அதாவது வன்னியர்களின் ஆட்சிகளை, அடக்கினார்கள். அதற்கு முன் வன்னியர்கள் ஆண்டுதோறும் யானைகளைத் திறையாகக் கொடுத்துக் காலம் தள்ளினார்கள், கொடுக்காமல் இழுத்தடித்தும் காலம் தள்ளினார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகு வன்னியர் தலைவன் பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான், பீரங்கிகளையும் கொண்டுபோனான். சுற்றிவர இருந்த கோட்டை வேலியில் வன்னிக்காரன் போட்ட ஓட்டை அது. நீங்கள் ஆகஸ்டில் வருவதால் அந்த நாளில் நினைவு நிகழ்வுகளையும் பார்க்க வாய்ப்பிருக்கிறது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடு. அங்கே ஒரு கல். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் இது என்று ஆங்கிலேயர் தங்கள் வெற்றிக்கு நட்ட கல். தோற்கடித்தான் என்றுதான் அதில் இருக்கிறது, கொன்றான் என்று இல்லை. அதனால்தான் அவன் எப்போது இறந்தான் என்பதில் இன்றைக்கும் இரண்டு பேச்சு. வென்றவன் தன் பெயருக்கு நட்ட கல்லைத் தோற்றவனின் சனம் தங்கள் வீரனின் நினைவுக் கல்லாக்கிக்கொண்டது. பிள்ளைகளிடம் கல்லின் வாசகத்தை வாசிக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் அப்படியே கும்பிட்டுவிட்டு வரலாம்.

யாழ்ப்பாணம் போகிற நாளில் ஆனையிறவு வழியில் வரும். அந்தப் பழைய காவற்கோட்டையையும் தேட வேண்டாம், போர் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. உப்பளத்தையும் ஆழமில்லாத நீரையும் பாருங்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த நீருக்குள்ளால்தான் குடாநாட்டுக்கு ஓட்டிப்போனார்கள். அங்கிருந்து ஊர்காவற்றுறைத் துறையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். நிறுத்தி இறங்கினால் றோட்டையும் பாதையையும் விட்டு விலகக் கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம்.

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடைசிக்கு வையுங்கள் என்பது என் விடாப்பிடியான ஆலோசனை. அதை முதலில் பார்த்தால் வன்னிக் கோட்டைகள் சப்பென்று ஆகிவிடும். பூநகரியின் இரண்டையும் மன்னாரின் நான்கையும் பார்த்துவிட்டு வந்து ஐந்து முனைக் கோட்டையின் மதிலில் ஏறினால்தான் அதன் பருமன் உறைக்கும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை முடித்த கையோடு கட்டியது சதுரக் கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டுப் பிடித்து, இடித்து, ஐங்கோணமாகக் கட்டினார்கள். கொத்தளங்களுக்கு ஹொலந்து, சீலந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் மாகாணங்களின் பெயர். உள்கோட்டை வாசலில் 1680 என்று பொறித்திருக்கிறது. வெளி அரண்கள் முடிந்தது 1792இல். நூறு வருடத்துக்கு மேல் காசைக் கொட்டி முடித்த வேலை. மூன்றே வருடத்தில், 1795இல், ஒரு வெடிகூட வைக்காமல் ஆங்கிலேயரிடம் திறப்பைக் கொடுத்தார்கள்.

மூத்தவன் கேட்ட கோட்டைக்குள் மியூசியம் என்பது ஓரளவுக்கு இங்கேதான் கிடைக்கும். உள்ளே சிறு காட்சிக்கூடம் இருக்கிறது. கோட்டைக்குள் அகழ்ந்து எடுத்த பொருட்களை வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் டேர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் செய்த அகழ்வுகளில், பறங்கியர் காலத்துக்கு மிகப் பழைய மட்பாண்டங்கள் அந்த நிலத்திலேயே கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய வணிகத்தின் தடயங்கள் அவை. பூநகரி மணலில் கால் தட்டிய ஓடுகளும் மாந்தை மேடும் இங்கே வந்து ஒன்றோடொன்று சேரும். 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டம், அதன் கற்குவியலையும் பார்க்கலாம். நேரமிருந்தால் நாவலர் வீதியில் தொல்பொருள் திணைக்களத்தின் அரும்பொருட்காட்சியகம். கோட்டைப் பீரங்கிகளும் கந்தரோடைப் பொருட்களும் அங்கே உண்டு.

இனிச் சில்லறை விஷயங்கள். கோட்டைகளில் கடையும் கழிவறையும் நம்பிப் போகக் கூடாது, தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்து நல்லது. பற்றைக்குள் நெருஞ்சியும் பாம்பும் இருக்கும். இராணுவ முகாம்களுக்குப் பக்கத்தில் கமராவை உயர்த்தாதீர்கள். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, அதை ஒட்டிய நாட்களில் மன்னார் வீதியில் பஸ்ஸும் வாகனமும் நிரம்பி வழியும். மன்னார் நாளை அதற்கு முன்போ பின்போ வையுங்கள். வான் பிடிக்கும்போது ஊர்க்கார ஓட்டுநராகப் பாருங்கள். வயதானவராக இருந்தால் இன்னும் நல்லது, பாதிக் கதை அவரிடமே இருக்கும்.

இத்தனைக்கும் நாள் இல்லை, ஒரே நாள்தான் என்றால் விடியக் கிளம்பிப் பூநகரி, பிறகு ஏ32ஆல் திருக்கேதீச்சரம், மத்தியானம் மன்னார் நகரில் மீன் சோறு, வெயில் சரிந்ததும் மன்னார்க் கோட்டை. அரிப்பை விட்டுவிடலாம். யாழ்ப்பாணக் கோட்டையை எப்படியும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற நாளில் பார்த்துக்கொள்வீர்கள்.